நீ வாங்கி வந்த சுருட்டுப் பெட்டி

சாமு,

உன் கப்பல் இப்போது எந்தக் கடலில் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உன் கல்யாணத்துக்கு நீ வந்து இறங்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. அதற்குள் இந்த வீட்டில் நடந்த ஒன்றை நீ தெரிந்துகொண்டாக வேண்டும். போனில் சொல்லலாம்தான். ஆனால் நம் வீட்டில் நான் போனில் பேசினால் அது கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் சேர்த்துத்தான் கேட்கும். கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் உன் அப்பா. சொல்லப்போவதும் அவரைப் பற்றித்தான். அதனால் பள்ளிக்கூடத்தில் மிச்சமாகிக் கிடந்த கோடு போட்ட தாளில் எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். துறைமுகத்தில் நெட் கிடைக்கும்போது பொறுமையாகப் படி. பாதி படித்துவிட்டு எனக்குப் போன் பண்ணாதே.

விஷயம் சுருட்டைப் பற்றியது. சிரிக்காதே. வேலையில் இருந்த காலம் முழுக்கப் பிள்ளைகளுக்குப் புகையிலையின் தீமைகள் என்று பாடம் நடத்தியவள் நான். அந்தப் பாடத்துக்குச் சார்ட்டில் கறுத்துப்போன நுரையீரல் படம் வரைந்து தந்ததே நீதான். அப்படிப்பட்ட நான் போன சில வாரங்களாகக் காய்ந்துபோன சுருட்டுக்கு உயிர் கொடுப்பது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வெறும் ஆர்வம்தான். ஒரு பொருள் ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாத புத்தி என்னுடையது. அது உனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது.

உன் பெனிட்டா வீட்டார் கோவிலம்பாக்கத்திலிருந்து வருவதற்குள் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று ஆள் வைத்தோம். உன் அறையைக் காலி பண்ணும்போது, பெயிண்டர் ஏழுமலை ஏணி போட்டுப் பரண்மேல் ஏறினார். உன் அப்பா அழைப்பிதழ் விஷயமாகத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் போயிருந்தார்.

"எம்மா, இங்க மூலையில ஒரு டின்னு கீது. டேப்பு கீப்பு எல்லாம் சுத்தி வெச்சிகினு கீறீங்க. எறக்கட்டா?"

"இறக்குப்பா."

பெரிய பிஸ்கட் டின். மூடியைச் சுற்றிப் பட்டை டேப் ஒட்டியிருந்தது. ஏழுமலை நான் கேட்பதற்கு முன்பே நகத்தால் டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்துவிட்டார். உள்ளே நீ கொண்டுவந்த அந்த மரப்பெட்டி.

"ஐயய்ய, சுருட்டுமா! பொட்டி நெறைய சுருட்டு வெச்சிகினு கீறாரு சாரு! சர்ச்சுல மைக் புட்ச்சி பைபிள் படிக்கிறவராச்சேமா!"

"அது அவரோடது இல்லப்பா" என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். பின்னே யாருடையது?

அந்தப் பெட்டியை நீ அவர் முன்னால் வைத்த சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் தடவை கப்பலிலிருந்து லீவில் வந்திருந்தாய். அவர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பொத்தேரியில் இன்ஜினியரிங் படிக்கவைத்த மகன் கப்பல் பாரில் நின்று மது கலக்கிக் கொடுக்கப் போய்விட்டானே என்ற ஆற்றாமை அவருக்கு ஏற்கெனவே இருந்தது. நீ பெட்டியைத் திறந்து நீட்டியதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "இதை எதுக்கு எங்கிட்ட குடுக்குற? சபைக்கு முன்னாடி நின்னு வசனம் வாசிக்கிறவன் நான். என்னைப் பத்தி உனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதானா?" என்று கேட்டார். நீ, "உங்களைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதே இது ஒண்ணுதான்ப்பா" என்றாய். அதைத் திமிர்ப் பேச்சு என்றுதான் நான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார். பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, அந்த வாரமே நீ கிளம்பிப் போனாய். அதற்குப் பிறகு மூன்று வருஷமாக உங்கள் இருவருக்கும் நடுவில் "சாப்பிட்டியா", "ம்", "அம்மாகிட்ட குடுக்குறேன்" தவிர வேறு பேச்சு இல்லை. பெட்டி எங்கே என்று அப்போதே அவரிடம் கேட்டேன். "அப்புறப்படுத்திட்டேன்" என்றார். குப்பையில் போட்டுவிட்டார் என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

ஏழுமலை திரும்பவும் வேலைக்குப் போனதும் பெட்டியைச் சமையலறைக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றை எடுத்து லேசாக அழுத்தினேன். அப்பளம் மாதிரி நொறுங்கி மேஜையெல்லாம் தூள். இன்னொன்றின் மேல் இலை ஓரத்தில் பிரிந்து, வாழைச் சருகுபோல் சுருண்டிருந்தது. எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. இது தாம்பரம். இங்கே பொரித்த வடாம் ஒரு மணி நேரம் தாங்காது. அலமாரியில் தொங்கும் பட்டுப்புடவையில் மழைக்காலம் முடிவதற்குள் பூசணம் வாசனை வந்துவிடும். உப்பு ஜாடியில் அரிசி போட்டு வைக்கிறோம். இந்த ஊரில் ஒரு பொருள் மூன்று வருஷத்தில் நமுத்துப் போகலாம், புழுத்துப் போகலாம். இப்படிக் காய்ந்து எப்படிப் போகும்?

டின்னைக் கவிழ்த்தபோது பதில் கொட்டியது. சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டலங்கள். புதுச் செருப்பு வாங்கினால் பெட்டிக்குள் இருக்குமே, மாத்திரை பாட்டிலில் பஞ்சுக்கு அடியில் கிடக்குமே, தின்னக் கூடாது என்று எழுதியிருக்குமே, அந்த சிலிக்கா ஜெல். ஒன்றிரண்டு இல்லை. கை நிறைய இருந்தது. மரப்பெட்டியைச் சுற்றிலும், உள்ளே சுருட்டுகளுக்கு நடுவிலும் ஒழுங்காக அடுக்கியிருந்தது. அதில் சில, என் மூட்டுவலி மாத்திரை பாட்டிலில் வருபவை. அந்த மாத்திரையை நான் சாப்பிட ஆரம்பித்தே அதிக காலம் ஆகவில்லை. அப்படியானால் யாரோ இந்தப் பரண்மேல் ஏறி இறங்கி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இந்த வீட்டில் இருப்பது நானும் அவரும்தான். நான் ஏறவில்லை.

உடனே அவரிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் "அப்புறப்படுத்திட்டேன்" மாதிரி இன்னொரு வார்த்தைதான் வரும் என்று பட்டது. அதைவிட, இந்தச் சுருட்டுகளைப் பழையபடி ஆக்க முடியுமா என்ற கேள்வி எனக்குள் புகுந்துகொண்டது. ஈரம் போனதால்தானே காய்ந்தது, ஈரத்தைத் திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடாதா? மறுநாள் அவர் சபைக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போன நேரத்தில் இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, மேல் தட்டில் துணி விரித்து ஒரு சுருட்டை வைத்து மூடினேன். கொஞ்ச நேரத்தில் திறந்து பார்த்தால், மேல் இலை உப்பி நீளவாக்கில் வெடித்திருந்தது. உள்ளே இருந்த புகையிலை அப்படியே சருகாகத்தான் இருந்தது. பானையில் அந்த வாசனை போக இரண்டு தடவை புளி போட்டுத் தேய்த்தேன். அந்த வாரம் உன் அப்பா இட்லியைப் பிட்டு மூக்கருகே கொண்டுபோய் யோசித்தார். பிறகு சட்னியைக் கொஞ்சம் கூடப் போட்டுக்கொண்டார்.

என்னிடம் படித்த ஹேமாவை உனக்கு நினைவிருக்கும். உனக்கு இரண்டு வகுப்பு முன்னால், எப்போதும் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் பெண். அவள் இப்போது விமான நிலையம் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் லவுஞ்ச் மேனேஜராக இருக்கிறாள். அவளுக்குப் போன் பண்ணினேன்.

"மிஸ்! எப்படி இருக்கீங்க? சாமு கல்யாணம்னு கேள்விப்பட்டேன்."

"ஆமாம்மா, பத்திரிகை வரும். இப்ப ஒரு சந்தேகம். சுருட்டு காய்ஞ்சு போச்சுன்னா திரும்பச் சரி பண்ண முடியுமா?"

"மிஸ், லைன்ல நீங்கதான இருக்கீங்க?" என்றாள். பிறகு ஒரு சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டு அழகாக விளக்கினாள். "அவசரப்படவே கூடாது மிஸ். மேல இருக்கிற இலை டக்குனு ஈரத்தைக் குடிச்சிடும். உள்ள இருக்கிறது மெதுவாத்தான் குடிக்கும். வெளிய உப்பி உள்ள காய்ஞ்சே இருந்தா வெடிக்கத்தான் செய்யும். காத்துப் புகாத டப்பாவுல வைங்க. ஸ்பாஞ்ச்ல டிஸ்டில்டு வாட்டர் நனைச்சு, நல்லாப் பிழிஞ்சு, ஒரு ஓரத்துல தனியா வைங்க. சுருட்டு மேல படவே கூடாது. முதல்ல கொஞ்சமா ஈரம், அப்புறம் கொஞ்சம் கூட. நடுநடுவுல உருட்டி விடுங்க. வாரக்கணக்குல ஆகும்."

"பழையபடி ஆயிடுமா?"

"ஈரம் திரும்ப வரும் மிஸ். உள்ள இருந்த எண்ணெய் போயிருந்தா அது வராது. அதனால ருசி கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும். ஆனா பத்த வைக்கலாம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "யாருக்கு மிஸ்?" என்றாள்.

"அதான் எனக்கும் தெரியல" என்றேன்.

மாவு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்துக் கழுவிக் காயவைத்தேன். வேளச்சேரி ரோட்டில் பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கினேன். ஈரப்பதம் காட்டும் சின்ன வட்ட மீட்டர் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். உடையாமல் மிஞ்சிய சுருட்டுகளை மரப்பெட்டியோடு டப்பாவுக்குள் வைத்து, தையல் மெஷினுக்கு அடியில் துணி மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். தினமும் அவர் நடக்கப் போகும்போது எடுத்துப் பார்ப்பேன். முதலில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு ஒருநாள், ஒன்றை விரலால் தொட்டபோது அந்த மொறமொறப்புச் சத்தம் வரவில்லை. எனக்கு உண்டான சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? கொல்லையில் துணி காயப்போடும்போது தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

அவர் அதைக் கண்டுபிடித்தது ஒரு மத்தியானம். நான் காய்கறி வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால், கூடத்து மேஜைமேல் டப்பா. எதிரே நாற்காலியில் அவர், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு. எனக்குப் பை கையிலேயே நின்றுவிட்டது. அவர் சுருட்டைப் பற்றிக் கேட்கவில்லை. மீட்டரைத்தான் கையில் வைத்திருந்தார்.

"இதை எங்க வாங்கின?"

"ஆன்லைன்ல."

"அறுபத்திரண்டு காட்டுது. பொய்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதா?" என்றார். கிண்டித் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைப் பழுது பார்த்தே தலை நரைத்தவரிடம் அப்படிக் கேட்டது என் தப்புதான். "உப்பு எடுத்துட்டு வா. ஒரு பாட்டில் மூடியும் கொண்டா."

மூடியில் உப்பைப் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். "குழைஞ்ச சாதம் மாதிரி இருக்கணும். கஞ்சி மாதிரி ஆயிடக் கூடாது." அதையும் மீட்டரையும் ஒரு சின்ன டப்பாவில் வைத்து மூடினார். ஈர உப்பு இருக்கும் மூடிய இடத்தில் ஈரப்பதம் எப்போதும் எழுபத்தைந்தில்தான் வந்து நிற்கும், நாளைக்கு முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் மீட்டர் எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும் என்றார். இவ்வளவும் சொல்லும்போது ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த சிலிக்கா ஜெல் யாரு வெச்சது?" என்று கேட்டேன்.

மூடியை இன்னொரு தடவை அழுத்தினார். "மழைக் காலத்துல பூசணம் புடிச்சிடும்ல."

"வேணாம்னு சொன்னீங்களே."

"வேணாம்னுதான் சொன்னேன். கெட்டுப் போகட்டும்னு சொல்லலையே."

சாமு, நான் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். அவர்தான் மெதுவாகச் சொன்னார். "கேமரா, சர்ட்டிபிகேட், பாஸ்போர்ட், எல்லாத்துக்கும் ஈரம் ஆகாது. இதுக்கு மட்டும் ஈரம் வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்? கையில எடுத்துப் பார்த்தா உடைஞ்சிடுச்சு. பூசணத்துக்குப் பயந்து நானே காய வெச்சுட்டேன் போல." சும்மா திறந்த அலமாரியில் வைத்திருந்தால்கூட, மழைக்காலம் தவிர மற்ற நாளில் தாம்பரத்துக் காற்றே அதற்குப் போதுமாக இருந்திருக்கும் என்று ஹேமா சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் முள் அறுபத்தொன்பதில் நின்றது. ஆறு குறைவாகக் காட்டுகிறது என்று மீட்டரின் பின்புறம் பிளாஸ்திரி ஒட்டி எழுதினார். அதிலிருந்து டப்பா மெஷினுக்கு அடியிலிருந்து கூடத்துக்கு வந்துவிட்டது. ஸ்பாஞ்ச் பெரிதாக இருக்கிறது என்று பாதியாக வெட்டினார். என் முறையில் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் வித்தியாசம் வருகிறது என்று அடியில் துளை போட்ட அட்டை வைத்தார். நான் உருட்டி விட்டால் அவர் ஒரு தடவை சரிபார்ப்பார். ஒன்றில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பூசணமா இல்லையா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். பள்ளிக்கூடத்துப் பழைய லென்ஸைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பூசணம்தான். அதைத் தூக்கிப் போட்டோம், அவர் மனசில்லாமல்.

அவர் அந்த டப்பாவின்மேல் குனிந்திருந்ததைப் பார்க்கும்போது எனக்கு உன் நினைவுதான் வந்தது. நீ ஐந்தாம் வகுப்பில் காய்ச்சல் என்று பொய் சொல்ல, தெர்மாமீட்டரைச் சூடான டீயில் விட்டு உடைத்தாயே. பாதரசம் தரையில் உருண்டு ஓடியது. நான் விஷம் விஷம் என்று கத்தினேன். அவர் உன்னை அடிக்கப் போகிறார் என்று பயந்தேன். அவரோ துண்டுக் காகிதத்தால் அந்த உருண்டைகளைத் தட்டில் சேர்த்து, பென்சிலால் தள்ளி, இரண்டு துளி சேர்ந்து எப்படி ஒன்றாகிறது என்று உனக்குக் காட்டினார். அவருடைய தலையும் உன் தலையும் தட்டின்மேல் ஒட்டிக்கொண்டு இருந்தன. இருவரையும் இழுத்துக் கையைக் கழுவவைக்க எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த மனிதர் எங்கேயும் போய்விடவில்லை. உன் வேலை என்ன, அது எப்படி இருக்கும் என்று கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். வெட்கம் வந்தால் அவர் கண்டிப்பான ஆளாகிவிடுவார்.

ஒருநாள் சுருட்டை உருட்டும்போது ஒன்றை மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அப்போதுதான் சொன்னார். அவர் சிறுவனாக இருந்தபோது ரயில்வே குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்திய இன்ஜின் டிரைவர் இருந்தாராம். உன் தாத்தா குடித்துவிட்டு வந்து சத்தம் போடும் நாளெல்லாம் இவர் ஓடிப்போய் அந்த டிரைவர் வீட்டு வாசல் படியில் உட்கார்ந்துகொள்வாராம். டிரைவர் நாற்காலியில் சாய்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டு இருப்பார். என்ன, ஏது என்று கேட்கமாட்டாராம். போ என்றும் சொல்லமாட்டாராம்.

"அந்த வாசனை வந்தா இனிமே பயம் இல்லைன்னு அர்த்தம்" என்றார் உன் அப்பா.

இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு இது தெரியாது. தாத்தா குடிப்பார் என்று தெரியும். படியைப் பற்றித் தெரியாது. "இதை ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"யார்கிட்டயும் சொல்லல. சாமுகிட்ட மட்டும் ஒரு தடவை சொன்னேன். அவனைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு சானடோரியம் ஸ்டேஷன்ல ட்ரெயினுக்கு நின்னோம். பக்கத்துல யாரோ சுருட்டு புடிச்சாங்க. அப்பச் சொன்னேன். சின்னப் பையன், கேட்டுக்கிட்டானான்னுகூடத் தெரியல."

நீ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். உன் முதல் சம்பளத்தில் அதைத் தேடி வாங்கியிருக்கிறாய். "எனக்குத் தெரிஞ்சதே இது ஒண்ணுதான்ப்பா" என்று நீ சொன்னது என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

"அவன் கொண்டுவந்து வெச்சப்ப எனக்கு அது ஞாபகமே இல்ல" என்றார். "அவன் போனப்புறம் குப்பையில போடலாம்னு தூக்கினேன். மூடி திறந்துக்கிச்சு. வாசனை வந்துச்சு. அப்பத்தான்..."

"அப்பவே போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணி? என்னன்னு சொல்றது?"

அவருடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் பரண்மேல்தான் ஏறியிருப்பேன் என்று தோன்றியது.

போன வாரம் ஒரு சாயங்காலம், "தீப்பெட்டி எங்க?" என்று கேட்டார். மெழுகுவத்தி ஏற்றவோ என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒரு சுருட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். வெயில் இறங்கி, மீனம்பாக்கத்துக்குப் போகும் விமானம் ஒன்று தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தது. பிளேடால் நுனியை வெட்டினார். மூன்று குச்சி வீணாயிற்று. நான்காவதில் பற்றியது. ஓர் இழுப்பு இழுத்துவிட்டு இருமினார் பார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதுகைத் தட்டிக் கொடுத்தேன். பிறகு இழுக்காமல், கையில் பிடித்துக்கொண்டு புகையை மட்டும் பார்த்தார்.

"இது அந்த வாசனை இல்ல" என்றார்.

இத்தனை வாரம் பண்ணிய வேலையெல்லாம் போச்சே என்று நினைத்தேன். நீ கேட்டால் என்ன சொல்வேன் என்றும் நினைத்தேன். அவர் இன்னொரு தடவை முகர்ந்தார்.

"அது மலிவுச் சுருட்டு. மூக்குல ஏறும். இது வேற. மரப் பெட்டி மாதிரி, கொஞ்சம் காபிக்கொட்டை மாதிரி." சாம்பலைத் தட்டிவிட்டு, "இது நல்லா இருக்கு" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்தார் தேவசகாயம் அண்ணன். கமிட்டியில் உன் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர். உனக்குத் தெரியுமே, அவர் காதில் ஒன்று விழுந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுக்கப் போய்விடும். உன் வேலையைப் பற்றி அவர் கேட்கும்போதெல்லாம் உன் அப்பா "ஹோட்டல் லைன், ஃபாரின்ல" என்று சொல்லித்தான் முடிப்பார்.

"பிரதர்! என்ன புகை? நீங்களா?"

நான் அவர் கையிலிருந்ததைப் பிடுங்கப் பார்த்தேன். அவர் கொடுக்கவில்லை.

"ஆமா பிரதர். சுருட்டு. என் பையன் எனக்கு வாங்கிட்டு வந்தது."

"சாமுவா? அவன் ஹோட்டல்லதான..."

"ஹோட்டல் இல்ல. கப்பல். அதுல பார்ல நிக்கிறான். ட்ரிங்க்ஸ் கலந்து குடுக்கிற வேலை." பிறகு, "கஷ்டமான வேலை" என்றார்.

அண்ணன் எடுத்திருந்த துணியை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "அடுத்த வாரம் வாசிப்பு உங்களுதுதான்னு போட்டிருக்கே பிரதர்."

"குடுத்தா வாசிக்கிறேன். குடுக்கலன்னா உட்கார்ந்து கேக்குறேன்."

தேவசகாயம் அண்ணன் கீழே இறங்கிப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டு மாடிக்கும் நடுவிலிருக்கும் கைப்பிடிச் சுவர் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி, "எப்படி இருக்கும் பிரதர் அது?" என்று கேட்டார். உன் அப்பா சுவருக்கு மேலே நீட்டினார். அண்ணன் வாயில் வைக்கவில்லை, மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "காபி வாசனை வருதே" என்றார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. ஆனால் அடுத்த வாரம் வாசிப்பு வேறு ஒருவருக்குப் போயிற்று. உன் அப்பா மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். வருத்தப்பட்டாரா என்று கேட்டால், பட்டார்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். சாப்பிட உட்கார்ந்ததும் சரியாகிவிட்டார்.

இதையெல்லாம் உனக்கு ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், பெனிட்டா மூலமாக நீ சொல்லியனுப்பிய வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "அப்பா வந்து உட்கார்ந்தாப் போதும், வேற எதுவும் எதிர்பார்க்கல" என்றாயாம். எதிர்பார். கொஞ்சம் எதிர்பார்ப்பதில் தப்பில்லை. உனக்கும் இனிமேல் ஒரு குடும்பம். பெனிட்டா ஒன்றை வேண்டாம் என்று சொன்னால் அதோடு முடிந்தது என்று போய்விடாதே. அதற்குப் பிறகு அதை அவள் என்ன பண்ணுகிறாள் என்று பார். தெரியாவிட்டால் கேள். கேட்க வெட்கமாக இருந்தாலும் கேள். அவளுக்கும் இதையே சொல்லியிருக்கிறேன், உன்னைப் பற்றி. "அவன் அப்பா மாதிரியே இருப்பானா ஆன்ட்டி?" என்று பயந்துபோய்க் கேட்டாள். இருப்பான், ஆனால் கேட்டால் சொல்லிவிடுவான் என்றேன். என் மானத்தைக் காப்பாற்று.

மிச்சமிருக்கும் சுருட்டுகளை அவரே உனக்குக் காட்டுவார். ஒன்றும் தெரியாத மாதிரி இரு. உப்பு, மூடி, மீட்டர் என்று ஆரம்பத்திலிருந்து சொல்வார், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள். நீயும் அவரும் மாடியில் உட்கார்ந்து ஒன்றைப் பற்றவைத்தால் அன்றைக்கு மட்டும் நான் கண்டுகொள்ளமாட்டேன். அதைப் பழக்கமாக்கினால் அந்த நுரையீரல் சார்ட்டை உன் அறையில் மாட்டிவிடுவேன், கல்யாணமான பையன் என்றுகூடப் பார்க்கமாட்டேன்.

விமான நிலையத்துக்கு வாடகைக் காரில் வருவது அவர்தான். என்னை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். வழியில் உன்னைக் கேட்க அவரிடம் நிறைய இருக்கிறது. இப்போதெல்லாம் திடீர் திடீரென்று என்னைக் கேட்கிறார், எனக்கு எதுவும் தெரிவதில்லை. கப்பலில் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ராத்திரி நீ தூங்கும் அறைக்கு ஜன்னல் உண்டா, கிறிஸ்துமஸ் அன்று உனக்கு லீவு கொடுப்பார்களா. இன்று காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே, "ஏம்மா, கடல்ல அலை பெருசா வந்து கப்பல் ஆடும்போது, அவன் பின்னாடி அந்த பாட்டில் எல்லாம் எப்படிக் கீழ விழாம நிக்குது?" என்று கேட்டார்.

தெரியலைங்க என்றேன். நீ வந்து சொல்.

அம்மா